கணினிச் செய்நிரலாக்கத்தின் பல்வேறு சிந்தனைமுறைகள்

கணினிச் செய்நிரலாக்கம் கற்கப் புகும் மாணவர் முதலிற் கேட்கும் வினா, எந்த மொழியைப் படிப்பது என்பதாகும். பெற்றோரும் அதையே கேட்கின்றனர். பிரத்தியேக வகுப்புகளின் துண்டுப்பிரசுரங்களும் பைதன், ஜாவா, சி பிளஸ் பிளஸ் என்று மொழிகளின் பெயர்களையே அடுக்கி வைக்கின்றன. செய்நிரல் மொழிகளோ பல நூறு. அவை தோன்றுகின்றன, சில காலம் புழங்குகின்றன, பின்னர் வழக்கொழிகின்றன. ஆனால் அம்மொழிகளுக்கு அடியில் ஓடும் சிந்தனைமுறைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் இரண்டு மூன்றைச் செம்மையாக அறிந்தவர் புதிய மொழியொன்றைச் சில வாரங்களிற் பழகிக்கொள்வார். ஒரு மொழியின் இலக்கணத்தை மட்டும் மனனஞ் செய்தவருக்கு ஒவ்வொரு புதிய மொழியும் புதிய மலையாகவே நிற்கும்.

இதனை முதன்முதலில் விரிவாக எடுத்துரைத்தவர் அமெரிக்கப் பேராசிரியரான ரொபேர்ட் ஃபுளோயிட். பதினேழாவது வயதிலேயே இளமாணிப் பட்டம் பெற்று, கலாநிதிப் பட்டம் எதுவுமின்றி ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானவர் இவர். கணினியியலின் அதியுயர் விருதான டூரிங் விருது 1978 இல் இவருக்குக் கிடைத்தபோது, செய்நிரலாக்கத்தின் சிந்தனைமுறைகள் என்பதையே தம் விருதுப் பேருரையின் பொருளாகத் தெரிந்துகொண்டார். விஞ்ஞான வரலாற்றாசிரியர் தோமஸ் கூன் 1962 இல் வெளியிட்ட நூலில் பிரபலப்படுத்திய 'பரடைம்' என்னும் சொல்லை அவர் செய்நிரலாக்கத்துக்குக் கொண்டுவந்தார். அறிமுக வகுப்பில் என்ன கற்பிக்கிறீர் எனச் சக பேராசிரியர் ஒருவரைக் கேட்டால் அவர் ஒரு மொழியின் பெயரையே விடையாகச் சொல்கிறார். அதாவது அவர் கற்பிப்பது இலக்கணத்தையும் முடிந்த முடிபான சில வழிமுறைகளையுமே. சிந்திக்கும் வழியை மாணவர் தாமாகவே தேடிக் கண்டுகொள்ள விடப்படுகின்றனர் என்பது அவருடைய குறைபாடு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் அக்குறை தீர்ந்தபாடில்லை.

'பரடைம்' என்பதைச் சமூக விஞ்ஞானக் கட்டுரைகளிற் 'கட்டளைப் படிமம்' என்று எழுதுவோர் உண்டு. பொருட்செறிவுள்ள ஆக்கம்தான், எனினும் செய்நிரலாக்கத்திற் 'கட்டளை' என்பதற்கு வேறு பொருள் இருப்பதனால் அது மயக்கம் தரும். 'சிந்தனைமுறை' என்பதே இங்கு போதுமானது.

ஓர் உதாரணத்திலிருந்து தொடங்கலாம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையொன்றின் கடன் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 200 அங்கத்தவரின் கணக்குகள் உள்ளன. 5,000 ரூபாவுக்கு மேற்பட்ட கடன் வைத்திருப்போர் செலுத்தவேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு என்பதை முகாமையாளர் அறிய விரும்புகிறார்.

புதிதாக வந்த எழுதுவினைஞருக்கு அவர் இப்படிச் சொல்லலாம்: துண்டுக் கடதாசி ஒன்றிற் பூச்சியம் என்று எழுதும். பதிவேட்டின் முதற் பக்கத்தைத் திறவும். அங்குள்ள கடன் 5,000 ரூபாவிலும் கூடியதாயின் அதனைத் துண்டிலுள்ள எண்ணோடு கூட்டி, பழைய எண்ணை அழித்து, புதிய எண்ணை எழுதும். அடுத்த பக்கத்துக்குச் செல்லும். பக்கங்கள் முடியும்வரை இதையே செய்யும். இது கட்டளை வழிச் செய்நிரலாக்கம். இங்கு துண்டுக் கடதாசியே 'மாறி'. அழித்து அழித்து எழுதப்படுவதால் அதிலுள்ள எண் கணத்துக்குக் கணம் வேறுபடுகிறது. கணிதம் நன்கு பயின்ற மாணவர் செய்நிரல் வகுப்பின் முதல் நாளிலேயே 'எக்ஸ் சமன் எக்ஸ் சக ஒன்று' என்னும் வரியைக் கண்டு திகைப்பது இதனாற்றான். எந்த எண்ணும் தன்னிலும் ஒன்று கூடிய எண்ணுக்குச் சமனாகாது. அவ்வரி சமன்பாடன்று, பழையதை அழித்துப் புதியதை எழுது என்னும் ஏவல் என்பதை விளக்கிச் சொல்லாத ஆசிரியர், அம்மாணவரின் நியாயமான ஐயத்தை மழுங்கடித்துவிடுகிறார்.

இச்சிந்தனைமுறை முதலில் வந்ததற்குக் காரணம் இயந்திரமே. 1945 இல் ஜோன் வொன் நொய்மன் வரைந்த கணினி அமைப்பில் நினைவகம் ஒருபுறமும் கணிக்கும் அலகு மறுபுறமும் இருந்தன. இரண்டுக்குமிடையே ஒவ்வோர் எண்ணாகப் போய் வந்தது. அந்த ஓட்டத்தை அப்படியே எழுத்தில் வடித்தவையே ஆரம்பகால மொழிகள். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் தலைமையிலான குழு 1957 இல் வெளியிட்ட ஃபோட்ரான் இவற்றுள் முதன்மையானது. இன்றும் வானிலை எதிர்வுகூறலில் அது பயன்படுகிறது.

கட்டளை வழியில் ஆரம்பத்தில் ஓர் ஒழுங்கின்மை இருந்தது. செய்நிரலின் எந்த வரியிலிருந்தும் எந்த வரிக்கும் தாவலாம். நூறு வரிகளில் இது வசதி; பத்தாயிரம் வரிகளில், சிக்குண்ட நூற்பந்து. கட்டுப்பாட்டுக் கட்டமைப்புகள் என்ற பெயரில் எமது மாணவர் பயிலும் வரிசை, தெரிவு, மீள்செயல் ஆகிய மூன்றுமே எந்தக் கணிப்புக்கும் போதுமானவை என்பதை 1966 இல் இத்தாலியரான பேம், ஜக்கோபினி ஆகிய இருவரும் நிறுவினர். 1968 மார்ச்சில் ஒல்லாந்தரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, தாவற் கட்டளை தீங்கானது என்று சஞ்சிகையொன்றுக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தின் பிரபலமான தலைப்பு அவர் இட்டதன்று. பின்னாளிற் பாஸ்கல் மொழியை ஆக்கிய நிக்லவுஸ் வேர்த் ஆசிரியராக இருந்து இட்டது. கட்டமைப்புச் செய்நிரலாக்கம் எனப்படுவது இதிலிருந்து கிளைத்ததே. இன்று அது தனியொரு முறையாகப் பேசப்படுவதில்லை; நாம் சுவாசிக்கும் காற்றுப் போல எங்கும் பரவிவிட்டது.

ஆயினும் தாவலை ஒழித்ததால் மாறியின் சிக்கல் ஒழியவில்லை. துண்டுக் கடதாசி ஒன்று, அதனை எழுதுவினைஞர் இருவர் ஒரே நேரத்தில் அழித்து எழுதுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் பழைய எண்ணைப் பார்த்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டாமவர் அதனை மாற்றிவிடுகிறார். முடிவு பிழையாகும், அதுவும் எப்போதாவது ஒருமுறை மட்டுமே பிழையாகும். இத்தகைய பிழைகளே கண்டுபிடிக்க மிகக் கடினமானவை.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு, தெரக்-25 என்னும் புற்றுநோய்க் கதிர்ச்சிகிச்சை இயந்திரத்தின் வரலாறு சான்று. கனடாவின் அரச அணுசக்தி நிறுவனம் தயாரித்த இவ்வியந்திரங்கள் பதினொன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறுவப்பட்டிருந்தன. 1985 இற்கும் 1987 இற்கும் இடையில் ஆறு நோயாளர் அளவு கடந்த கதிர்வீச்சுக்கு ஆளாயினர். சிலர் அதனாலேயே இறந்தனர். டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 1986 இல் நிகழ்ந்தவற்றுக்குக் காரணம் பின்னர் தெரியவந்தது. இயக்குநர் சிகிச்சை வகையைத் தவறாகத் தட்டச்சிட்டு, உடனே திருத்திவிடுவார். அத்திருத்தம் சுமார் எட்டு வினாடிகளுக்குள் முடிந்துவிட்டால், காந்தங்களை அமைத்துக்கொண்டிருக்கும் செய்நிரற் பகுதி அதனைக் காணாது. திரையில் ஒன்று, இயந்திரத்தில் வேறொன்று. புதிய இயக்குநர் மெதுவாகத் தட்டச்சிட்டதால் ஆபத்து நேரவில்லை; அநுபவம் கூடி விரல்கள் விரைந்த பின்னரே நேர்ந்தது. 1987 ஜனவரியில் வொஷிங்டன் மாநிலத்தில் நிகழ்ந்த விபத்துக்குக் காரணம் இன்னும் சிறியது. சோதனை தேவையா என்பதைக் குறிக்கும் ஒரு மாறியைப் பூச்சியமல்லாத எண்ணாக வைத்திருப்பதற்காக, ஒவ்வொரு சுற்றிலும் அதனோடு ஒன்றைக் கூட்டிவந்தனர். ஒரு பைற்றுக்குள் 255 வரையே அடங்கும். எனவே ஒவ்வொரு 256 ஆவது சுற்றிலும் அது பூச்சியமாயிற்று; அக்கணத்திற் சோதனை தவிர்க்கப்பட்டது.

பழியை முழுவதும் செய்நிரலாக்க முறையின் மீது சுமத்துவது நேர்மையாகாது. முந்திய தெரக்-20 இயந்திரத்திலும் இதையொத்த செய்நிரற் பிழை இருந்தது. ஆனால் அதிலிருந்த வன்பொருட் பாதுகாப்புப் பூட்டுகள் உருகியை எரித்து ஆபத்தைத் தடுத்தன. புதிய இயந்திரத்தில் அப்பூட்டுகள் நீக்கப்பட்டன. நான்சி லெவ்சன், கிளார்க் டேர்னர் ஆகியோர் 1993 இல் வெளியிட்ட விரிவான ஆய்வு முகாமைத்துவத்தின் அசட்டையையும் எடுத்துக்காட்டியது. எனினும் பலர் ஒரே நேரத்தில் மாற்றத்தக்க பொது மாறி என்பது எத்துணை ஆபத்தானது என்பதை இதனிலும் கொடிதாக உணர்த்தும் நிகழ்வு அரிது. இதன் பின்னர் நாம் காணப்போகும் சிந்தனைமுறைகள் யாவும், அந்த மாறியை என்ன செய்வது என்னும் ஒரே வினாவுக்கு அளிக்கப்பட்ட வெவ்வேறு விடைகள் எனலாம்.

மாறியை அதற்குரியவரின் பெட்டிக்குள் பூட்டிவிடு என்பது முதலாவது விடை. கூட்டுறவுக் கடையில் இப்போது பொதுப் பதிவேடு இல்லை. ஒவ்வொரு கணக்கும் தன் நிலுவையைத் தனக்குள்ளே வைத்திருக்கும் ஒரு 'பொருள்'. வெளியார் எவரும் அந்த நிலுவையைத் தொட முடியாது. உன் நிலுவை எவ்வளவு எனக் கேட்கலாம், இவ்வளவு பணம் செலுத்துகிறேன் என அறிவிக்கலாம், அவ்வளவே. அங்கத்தவர் கணக்கு ஒருவிதமாகவும், சம்பளத்திற் கழிக்கப்படும் ஊழியர் கணக்கு வேறுவிதமாகவும் நிலுவையைக் கணிக்கலாம். கேட்பவர் அந்த வேறுபாட்டை அறியவேண்டியதில்லை. இது பொருள்நோக்குச் செய்நிரலாக்கம். இது பிறந்த இடம் அமெரிக்கா அன்று, நோர்வே. ஒஸ்லோவிலுள்ள நோர்வேக் கணிப்பீட்டு நிலையத்தில் கிறிஸ்டன் நியூகார்ட், ஓலே யோகான் டால் ஆகிய இருவரும் கப்பல், வரிசை, தொழிற்சாலை ஆகியவற்றின் இயக்கத்தைக் கணினியிற் பாவனை செய்து பார்ப்பதற்காக உருவாக்கிய சிமுலா 67 என்னும் மொழியே அதன் தாய். 2001 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்கும் வழங்கப்பட்டது. மறு ஆண்டிலேயே, சில வார இடைவெளியில், இருவரும் காலமாயினர். கேம்பிரிட்ஜிற் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தபோது சிமுலாவைப் பயன்படுத்திய டென்மார்க்கியரான பியார்ன் ஸ்ட்ரவுஸ்ட்ரப், 1979 இல் அதன் வகுப்புகளைச் சி மொழியோடு இணைக்கத் தொடங்கினார். அதுவே சி பிளஸ் பிளஸ் ஆயிற்று. 1995 இல் வந்த ஜாவா இம்முறையை உலகெங்கும் பரப்பியது.

பரப்பியது என்பதோடு, ஓரளவு திரித்தும் விட்டது. எழுபதுகளில் ஸ்மோல்டோக் மொழியை உருவாக்கிப் 'பொருள்நோக்கு' என்னும் பெயரையே சூட்டிய அலன் கே, பொருள்களைவிட அவற்றுக்கிடையே செல்லும் செய்திகளே முக்கியம் என்று பின்னாளில் வருந்திக் கூறினார். எமது பாடக் குறிப்புகளிற் பொருள்நோக்கு என்றால் 'மரபுரிமை' என்று தொடங்கி விலங்கு, நாய், பூனை என்று வகுப்புப் படிநிலை வரைவதே வழக்கம். நாயும் பூனையும் குரைத்தும் கத்தியும் மாணவருக்குப் பூட்டிய பெட்டியின் அவசியம் விளங்கியதாகத் தெரியவில்லை.

மாறியே வேண்டாம் என்பது இரண்டாவது விடை. எழுதுவினைஞரிடம் அழிறப்பர் இல்லை எனக் கொள்வோம். பதிவேட்டைப் பார்த்து, 5,000 ரூபாவுக்கு மேற்பட்டோரை மட்டும் கொண்ட புதிய பட்டியலொன்றை அவர் எழுதுகிறார். அதிலிருந்து தொகைகளை மட்டும் கொண்ட இன்னொரு பட்டியல். அதன் கூட்டுத்தொகையே விடை. எதுவும் அழிக்கப்படவில்லை, பதிவேடும் முதற் பட்டியலும் முன்போலவே இருக்கின்றன. இருபது எழுதுவினைஞர் பதிவேட்டின் பக்கங்களைப் பகிர்ந்துகொண்டு ஒரே நேரத்தில் வேலை செய்தாலும் ஒருவர் எழுதியதை மற்றவர் கெடுக்க வழியில்லை. இது சார்பு வழிச் செய்நிரலாக்கம். கணிதத்தில் நாம் அறிந்த சார்பே இதன் அலகு. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே வெளியீடு. காலையிற் கேட்டாலும் மாலையிற் கேட்டாலும் மாறாது.

இதன் வேர் கணினிக்கும் முந்தியது. அலொன்சோ சேர்ச் என்னும் கணித அறிஞர் முப்பதுகளில் வகுத்த லம்டா நுண்கணிதமே அதன் அடிப்படை. 1936 இல் அலன் டூரிங் கற்பனை செய்த நாடா இயந்திரமும் சேர்ச்சின் சார்புகளும் கணிக்கக்கூடியவை ஒன்றே என்பது விரைவிலேயே நிறுவப்பட்டது. ஒரு முறையாற் கணிக்க முடிந்தது எதுவும் மற்றதாற் கணிக்க முடியாததன்று. வேறுபடுவது மனிதர் அதனை எழுதி, வாசித்து, சரிபார்க்கும் வகைதான். எந்த முறை வல்லது என்று வாதிடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

ஜோன் மக்கார்த்தி 1958 இல் வடிவமைக்கத் தொடங்கிய லிஸ்ப், 1990 இல் வரையறுக்கப்பட்ட ஹஸ்கல் ஆகியன இம்மரபின. நெடுங்காலமாகப் பல்கலைக்கழக ஆய்வாளரின் விளையாட்டுப் பொருள் எனவே இது கருதப்பட்டது. வியப்பு யாதெனில், இதற்காகப் பெருங்குரல் எழுப்பியவர்களுள் ஃபோட்ரானைத் தந்த அதே பக்கஸும் ஒருவர். 1977 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்ற அவர், தம் பேருரையில், நினைவகத்துக்கும் கணிக்கும் அலகுக்கும் இடையிலான ஒடுங்கிய பாதை எமது சிந்தனையையே ஒடுக்கிவிட்டது என்று சாடி, சார்பு வழிக்கு அழைப்பு விடுத்தார். தாம் கட்டிய வீட்டைத் தாமே குறைகூற ஒரு நெஞ்சுரம் வேண்டும். அன்று அவ்வழைப்பைச் செவிமடுத்தோர் சிலரே. 2005 ஆம் ஆண்டளவிற் கணினிச் செயலிகளின் வேகம் ஏறுவது நின்று, ஒரே செயலிக்குள் பல கருக்களைப் பொருத்தும் காலம் வந்தபோதுதான் தொழிற்றுறை திரும்பிப் பார்த்தது. 2011 இற் சி பிளஸ் பிளஸ் மொழியும் 2014 இல் ஜாவாவும் லம்டாவை ஏற்றுக்கொண்டன.

எரிக்சன் தொலைபேசி நிறுவனத்தில் 1986 அளவில் ஜோ ஆம்ஸ்ட்ரோங் தொடங்கிய ஏர்லாங் மொழி, இவ்விரண்டு விடைகளையும் ஒன்றிணைத்தது. அதில் ஒவ்வொரு செயற்பாடும் தனித்தீவு. நினைவகத்தைப் பகிர்வதில்லை, செய்தி மட்டும் அனுப்பும். ஒன்று செயலிழந்தால் இன்னொன்று அதனைக் கவனித்து மீளத் தொடக்கும். 2014 இல் வட்ஸ்அப் நிறுவனத்தை ஃபேஸ்புக் வாங்கியபோது 45 கோடிப் பயனாளர்களின் செய்திகளை ஐம்பது சொச்சம் ஊழியர்களே நடத்திவந்தனர். அச்சேவையின் முதுகெலும்பு ஏர்லாங்.

மூன்றாவது விடை, எழுதுவினைஞர் எவ்வாறு செய்கிறார் என்பதைப் பற்றிக் கேளாதே என்பது. வேண்டியது யாது என்பதை மட்டும் ஒரு சிட்டையில் எழுதிக் கொடு. ஐ.பி.எம்.மில் எட்கர் கொட் 1970 இல் முன்வைத்த தொடர்புநிலைத் தரவு மாதிரியிலிருந்து பிறந்த எஸ்.கியூ.எல். இவ்வகையினது. வங்கியின் பணப்பொறி முதல் பரீட்சைப் பெறுபேற்று இணையத்தளம் வரை இன்று பெரும்பாலும் இதையே நம்பியிருக்கின்றன. 1979 இல் வெளிவந்த விசிகல்க் முதலான விரிதாள்களும் இத்தகையவே. ஒரு கலத்தில் சூத்திரம் எழுதும் கணக்காளர், தாம் செய்நிரல் எழுதுவதாக எண்ணுவதில்லை, ஆனால் எழுதுகிறார்.

இதே வழியில் இன்னும் ஒரு படி சென்றது தருக்க வழி. 1972 இல் பிரான்சின் மார்செய் நகரில் அலைன் கொல்மரோவர் குழுவினர் ஆக்கிய புரோலொக் மொழியில் உண்மைகளையும் விதிகளையும் மட்டும் எழுதவேண்டும். உறவுமுறையே இதற்கு எங்கும் காட்டப்படும் உதாரணம். மேலைநாட்டுப் பாடநூல்களைவிட எமக்கு அது நன்கு பொருந்தும். தாயின் சகோதரன் மாமன். தந்தையின் சகோதரி மாமி. மாமன் அல்லது மாமியின் மகள் மச்சாள். இம்மூன்று விதிகளையும், யார் யாருடைய பிள்ளை என்ற விபரங்களையும் கொடுத்துவிட்டால், கண்ணனுக்கு மச்சாள்மார் யாவர் என்று கேட்கலாம். வள்ளி யார் யாருக்கு மச்சாள் என்று அதே விதிகளைக்கொண்டு மறுதலையாகவும் கேட்கலாம். விடை தேடும் வழியை நாம் எழுதவேயில்லை. யப்பான் 1982 இல் ஆரம்பித்த ஐந்தாந் தலைமுறைக் கணினித் திட்டம் இச்சிந்தனையின் மீதே கட்டப்பட்டது. எதிர்பார்த்த புரட்சி வரவில்லை. விதிகள் பெருகப் பெருக, தேடல் நீண்டு, இறுதியில் இயந்திரம் எப்படித் தேடுகிறது என்பதைச் செய்நிரலாளர் அறிந்தே ஆகவேண்டிய நிலை வந்தது. 'எப்படி' என்பதை முற்றாக மறந்துவிடலாம் என்பது ஓர் எல்லைவரையே செல்லும்.

எமது க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்திட்டத்தில் இச்சிந்தனைமுறைகளை ஒப்பிட்டு நோக்குதல் ஒரு பகுதியாகவே உள்ளது. அது மெச்சத்தக்கது. ஆயினும் நடைமுறையில் அது அரைப் பக்கக் குறிப்பாகவும் வரைவிலக்கணமாகவும் சுருங்கி, பரீட்சை முடிந்ததும் மறக்கப்படுகிறது. மாணவர் எழுதும் செய்நிரல்கள் யாவும் கட்டளை வழியிலேயே அமைகின்றன. நீந்தாமலே நீச்சல் வகைகளைப் பெயர் சொல்லுவதற்கு இது ஒப்பாகும். அண்மை ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவு செய்நிரலை நொடியில் எழுதித் தருவதால் இலக்கணத்தை மட்டும் கற்றவரின் நிலை மேலும் இடருக்குள்ளாகியுள்ளது; தரப்பட்ட நூறு வரிகளில் எந்த மாறியை யார் யார் மாற்றுகின்றனர் என்று வாசித்தறியும் பயிற்சியே அவருக்கு வேண்டியது.

இதற்குப் புதிய மொழியோ புதிய ஆய்வுகூடமோ தேவையில்லை. பாடத்திட்டத்தில் ஏற்கெனவே உள்ள பைதன் பல முறைகளுக்கும் இடந்தருவது. அதன் பட்டியல் ஆக்க வடிவம் ஹஸ்கலிடமிருந்து பெறப்பட்டதே. கடன் பதிவேடு போன்ற ஒரு கணக்கை முதலில் மாறியோடும், பின்னர் மாறியின்றியும், பின்னர் பொருள்களாகவும், இறுதியில் எஸ்.கியூ.எல். வினவலாகவும் நான்குமுறை எழுதச் செய்யலாம். நான்கும் ஒரே விடையைத் தரும். பதிவேட்டை இருவர் ஒரே நேரத்தில் திருத்துகின்றனர் என்றால் நான்கில் எது பிழைக்கும், ஏன் பிழைக்கும் என்பதை ஐந்தாவது வினாவாக வைக்கலாம். கணினிகள் பற்றாக்குறையான பாடசாலைகளிற் கரும்பலகையும் துண்டுக் கடதாசியும் இரு மாணவரும் இருந்தாலே இதனைச் செய்து காட்டிவிட முடியும்.